பனியாற்றில் சம்பந்தியம்மா

ஜூலை 3, வியாழன்
பெர்கன்

இன்று மருத்துவச்சியைப் பார்க்க நித்திலாவோடு போனேன். சம்பந்தியம்மாவும் வந்தார். வராமல் இருப்பாரா? பிரசவ அறைக்குள் கணவனோடு இன்னும் ஒருவர் இருக்கலாமாம். அந்த ஒருவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவராக இருக்கக் கூடாதாம். மணிக்கணக்கில் நின்று இடுப்பைத் தேய்த்துவிட வேண்டும், வலி வரும்போது பெண் தோளைப் பிடித்துத் தொங்கினால் தாங்க வேண்டும், காலில் வலு உள்ளவராகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னாள். மாப்பிள்ளை சபரி தன் அம்மாவுக்காக அதைத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்ததும் அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று படியேறும்போது நித்திலா கைகழுவிவிட்டாள். எட்டு மாத வயிற்றோடு நிற்பவளிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் இதில் பேச என்ன இருக்கிறது? தலைப்பிரசவம் பெற்றவளுக்கு உரியது. பாளையங்கோட்டையில் நடந்திருந்தால் சம்பந்தியம்மா பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து, பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறியிருப்பார். நார்வேயில் வீடு அவர் மகன் வீடாகப் போய்விட்டது. எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். காலில் வலு என்றால் அது கோமதி டீச்சர்தான் என்று எந்த மாணவியைக் கேட்டாலும் சொல்வாள்.

இந்த வீடு லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. மூன்றாவது மாடியில் சற்று நின்று ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். அழகான மலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

ஊரிலிருந்து இவர் கூப்பிட்டார். எடுத்ததும் எடுக்காததுமாக, "முட்டி எப்படி இருக்கு கோமு? அந்த ஊசியப் போட்டுட்டுப் போயிருக்கலாம்லா? டாக்டர் தலபாடா அடிச்சாரே" என்கிறார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறேன்.

நித்திலாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. தெரிந்தால் அவ்வளவுதான், என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

துணி துவைக்கும் இடம் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. காலையில் எழுந்து கூடையைத் தேடினால் கூடையைக் காணோம். சம்பந்தியம்மா அதற்குள் கீழே போய்த் துவைத்து, உலர்த்தி, மேலே கொண்டுவந்து மடித்துக்கொண்டிருக்கிறார். நேற்றும் இதே கதை. என் மகளின் துணியைத் துவைத்து யாரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்? "நான் போயிருப்பேனே" என்றேன். "எனக்கு வெள்ளனாவே முழிப்பு வந்தருதுங் சம்பந்திம்மா. சும்மா உக்காந்திருந்தா கை கால் புடிச்சுக்குது" என்றார்.

கைகால் பிடித்துக்கொள்கிறதாம். அப்புறம் எதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்? நின்று சமைக்க முடியவில்லை போல. ஆனால் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. காலியாகக் கிடக்கிறதே என்று தோசை வார்க்கும்போது நான்தான் உட்கார்ந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

குளிர்காலத்தில், நித்திலா உண்டானது தெரிவதற்கு முன்னால், அவளும் மாப்பிள்ளையும் ஒரு பனியாற்றின் மேல் நடக்கப் பதிவு செய்திருந்தார்களாம். மலையிலிருந்து ஆறு இறங்கி வருகிற மாதிரியே பனிக்கட்டி இறங்கி வந்து நிற்குமாம். வழிகாட்டி ஒருவர் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டி அதன்மேல் கூட்டிப்போவார். இப்போது இவள் போக முடியாது, இவளை விட்டுவிட்டு அவர் போகமாட்டார். வரும் சனிக்கிழமைக்கான இரண்டு இடம் வீணாகப் போகப்போகிறது என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"நான் போறேன்" என்றேன்.

நித்திலா தோசையை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தாள். "அம்மா, அது ஐஸ். வ.உ.சி. மைதானம் இல்ல."

"ஐஸுன்னா என்ன? நடக்கத்தானே சொல்லுதாவ. மலையேத்தத்துக்குப் பிள்ளைகள கூட்டிட்டுப் போனவ நானு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பனிமலையில் ஏறி இறங்கியவளைப் பார்த்து உன் காலில் வலு இருக்கிறதா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

சம்பந்தியம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்ப நானும் வர்றனுங்" என்றார். தென்னந்தோப்பைத் தவிர வேறு எங்கும் நடந்தறியாதவர். ஃபிரிட்ஜைத் திறந்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர். பனியாற்றுக்கு வருகிறாராம்! போட்டி என்று இறங்கிவிட்டால் இந்த அம்மாள் எதற்கும் துணிவார்.

ஜூலை 10, வியாழன்

சம்பந்தியம்மா தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சினார். எண்ணெய் அவர் தோப்பிலிருந்து வந்தது. எதற்கு என்று கேட்டால், சும்மா, கால் சில்லிட்டுப் போகிறது என்றார். தனக்கு வேண்டியது போக மீதியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறதிதான். கிண்ணம் நிறைய இருந்தது. வீணாக்குவானேன் என்று கொஞ்சம் தேய்த்துக்கொண்டேன். நல்ல வாசனை.

ஜூலை 11, வெள்ளி

காரில் நாள் முழுக்கப் பயணம். ஒரு சுரங்கம் முடிவதற்குள் இன்னொரு சுரங்கம். நித்திலாவுக்காக அங்கங்கே நிறுத்தினோம். நானும் இறங்கிக் காலை நீட்டி மடக்கினேன், பழைய பழக்கம். ஏரிக்கரையில் மரவீடு. மாப்பிள்ளையின் பேண்டைப் போட்டுப் பார்க்கும்படி சம்பந்தியம்மாவை உள்ளே அனுப்பினால் கதவைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். வாழ்க்கையில் முதல் பேண்ட். "என்ற பையனத் தவுர யாரும் பாக்கக் கூடாதுங்" என்று உள்ளிருந்து குரல். கடைசியில் வெளியே வந்தபோது பேண்டுக்கு மேல் துண்டைச் சுற்றியிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது அந்த அம்மாளுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நித்திலாவும் மாப்பிள்ளையும் ஏரிக்கரைக் காப்பிக்கடையில் தங்கிவிட்டார்கள். எங்களைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். வழிகாட்டியின் பெயர் மாரிட். என் பழைய கபடி அணியில் இருந்திருக்க வேண்டிய பெண். தோளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்களோடு ஒரு ஜெர்மன் தம்பதி, கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர். பனியாறு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிட்டே போனால் அழுக்கும் கல்லும். அதற்கு உள்ளே, பிளவுகளில் மட்டும், அப்படி ஒரு நீலம்.

ஷூவுக்கு அடியில் கட்டிக்கொள்ள இரும்பு முள் கொடுத்தாள் மாரிட். இடுப்புக்கு வார், கையில் ஒரு கோடாரி. பிறகு எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, "உடம்பில் எங்கே கோளாறு இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். கயிற்றில் ஏறிவிட்டால் ஒருவர் கோளாறு எல்லாருடைய கோளாறு" என்றாள். ஜெர்மன்காரர் முதுகு என்றார். அவர் மனைவி தலைசுற்றல் என்றாள். என்னைப் பார்த்தாள். "நத்திங்" என்றேன். விறைப்பாக நின்றுதான் சொன்னேன்.

அடுத்து சம்பந்தியம்மா. மாரிட் கேட்டது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, குனிந்து தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். "நீ பெயின். மை நீ. வெரி பெயின்."

நான் திகைத்துப்போனேன். நாலு மாடியும் அடித்தளமும் கூடையோடு ஏறி இறங்குகிற அம்மாள்! மாரிட் உடனே தன் பையிலிருந்து ஒரு ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். இந்த அம்மாவின் வேகம்தான் இன்று நம் எல்லாருக்கும் வேகம் என்று அறிவித்தாள். கயிற்றில் முதலில் மாரிட், அடுத்து சம்பந்தியம்மா, அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு கூத்து. மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் முன்னிடம் என்று நான் ஒதுங்கி நிற்க, "நீங்க முன்னால போங்" என்று அவர் ஒதுங்க, "நீங்க போங்க", "இல்லீங், நீங்க" என்று பனிக்கட்டி மேல் சம்பந்தி உபசாரம் நடந்தது. மாரிட் பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரையும் தோளைப் பிடித்து நிறுத்திக் கட்டினாள்.

காலைப் பரப்பி, பாதத்தை முழுசாக ஊன்றி, பனியின் மேல் கோபம் வந்தவர்களைப் போல மிதித்து நடக்க வேண்டும். கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. தரையில் தேய்ந்தால் முள்ளில் மாட்டும். சம்பந்தியம்மா வாய்க்கால் வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தார். ஒரு அடிகூடப் பிசகவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "இந்தக் குச்சி எனக்குக் கைக்குப் பாரமா இருக்குதுங். நீங்க வெச்சுக்கங்" என்று ஊன்றுகோலைப் பின்னால் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பெரியவர்கள் நீட்டியதை மறுப்பது மரியாதை இல்லை.

ஏற்றத்தில் அடிக்கடி நின்றார். "மாரிட்டு! ஒன் மினிட்! நீ!" என்று முட்டியைக் காட்டுவார். கயிறு மொத்தமும் நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்டது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் நின்ற இடமெல்லாம் நிற்க வேண்டிய இடமாகவே இருந்தது. எனக்கும் மூச்சு விட்டுக்கொள்ள வசதியாக இருந்தது.

மேலே ஒரு மேட்டில் நின்று பார்த்தோம். கீழே ஏரி பச்சையாக. நித்திலா அங்கே ஒரு புள்ளியாக இருப்பாள். "பாருங் சம்பந்திம்மா, எத்தன பெரிசு! நம்மூரு மழையெல்லாம் இங்க வந்து உக்காந்துட்டுது போலிருக்குது" என்றார் சம்பந்தியம்மா. அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும் குளிர்காற்றில் கண் கலங்கியது.

இறக்கத்தில்தான் வந்தது வினை. மாரிட் கோடாரியால் படி வெட்டிக்கொண்டே போனாள். படிகளுக்கு நடுவே ஒரு பிளவு. அகலம் அதிகமில்லை, சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடும். உள்ளே அந்த நீலம், அடி தெரியாமல். மாரிட் தாண்டினாள். சம்பந்தியம்மா தாண்டினார். நான் இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கப் பார்த்தேன். தூக்க வரவில்லை. ஊன்றிய முட்டி பூட்டிக்கொண்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நொடியில் கயிறு இழுபடும், மாரிட் திரும்புவாள், எல்லாம் தெரிந்துவிடும், நித்திலா வரைக்கும் போய்விடும்.

சம்பந்தியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, காலை. அடுத்த கணம், "அய்யோ! முட்டி! அம்மா!" என்று பெரிதாகக் கத்திக்கொண்டு பனிக்கட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

கயிறு நின்றது. மாரிட் ஓடிவந்தாள். எல்லாரையும் நின்ற இடத்திலேயே உட்காரச் சொன்னாள். சம்பந்தியம்மாவின் இடது முட்டியைத் தேய்த்தாள், ஃபிளாஸ்க்கிலிருந்து சூடாக ஏதோ ஊற்றிக் கொடுத்தாள். கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சம்பந்தியம்மா ஈரப் பனியில் உட்கார்ந்து அத்தனை பேர் முன்னாலும் முனகிக்கொண்டிருந்தார். பேண்டை யாரும் பார்க்கக் கூடாது என்று நேற்றுக் கதவைச் சாத்திக்கொண்டவர். நான் பிளவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மெல்ல மெல்லப் பூட்டு விட்டது.

மாரிட் எழுந்து அந்தப் பக்கம் போனதும், சம்பந்தியம்மா பிளவுக்கு மேலே என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போதுங்களா? இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுங்களா?"

இதற்குமேல் இன்று எனக்கு எழுத வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

திரும்பி வந்தாயிற்று. வழியெல்லாம் சம்பந்தியம்மா தூங்கிக்கொண்டே வந்தார். தூங்குகிற மாதிரி வந்தார் என்றும் சொல்லலாம்.

துணிக்கூடை. நாற்காலி. எண்ணெய்க் கிண்ணம். நான் ஒரு முட்டாள்.

ஜூலை 14, திங்கள்

மாரிட் சனிக்கிழமையே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். இன்று வேலைக்குக் கிளம்பும்போது அவர் ஷூவைக்கூடக் கட்டாமல் தன் அம்மாவிடம் கேட்டார்:

"ஏம்மா, எப்ப இருந்து முட்டி வலி? என்கிட்ட ஏன் சொல்லுல?"

"வயசாச்சில்ல சாமி. இருக்கறதுதான்."

"அப்ப ஆஸ்பத்திரியில நீங்க நிக்க முடியாதும்மா. அத்தையே உள்ள இருக்கட்டும்."

"அதுதான் சரி கண்ணு. அவிங்களே இருக்கட்டும்." சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பால் இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை. என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை, முட்டி வலி எனக்குத்தான். உங்க அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது."

"அய்யோ, இல்ல சபரி, எனக்குத்தான்" என்றார் சம்பந்தியம்மா.

"எனக்கு ஊசி போடணும்னு ஊர்லயே டாக்டர் சொல்லிட்டாரு."

"எனக்கு ஆப்பரேசனே பண்ணோணும்னு சொல்லியிருக்கறாங்க."

"எந்த டாக்டர்?"

"எங்கூரு டாக்டருங்."

"பேரு?"

"பேரெல்லாம் எதுக்குங் இப்ப?"

நித்திலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பத்து நாளாக உள்ளே யார் போவது என்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கிழவிகள் முட்டி வலிக்காக அடித்துக்கொண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சம்பந்தியம்மா ரோஷத்தோடு எழுந்து, இந்தாங்க பாருங்க என்று, கூடத்தில் நொண்டி நடந்து காட்டினார். அங்கேதான் மாட்டினார்.

"சனிக்கிழமை பனியில எந்தக் கால்ல வலி?" என்று கேட்டேன். "எடது கால். மாரிட் தேச்சுவிட்டது எடது முட்டி. இப்ப வலது கால நொண்டுதீங்க. பிள்ளைக கால பாத்துச் சம்பளம் வாங்குனவகிட்டயா இந்த வித்தை?"

அவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். காலைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கன்னக்குழி வந்தது.

நித்திலாவுக்குச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "ஏன்ம்மா மறைச்சே? வலியோட நாலு மாடி ஏறிட்டுக் கிடந்தியா?" என்று என் மடியில் தலையை வைத்துவிட்டாள்.

"உன் பக்கத்துல நான் நிக்கணும்லா" என்றேன்.

சம்பந்தியம்மா அப்போதும் விடவில்லை. "தலப்பிரசவம். பெத்தவதான் பக்கத்துல இருக்கோணும். ஒரு சேரு போட்டு உக்காந்துக்கட்டும்" என்றார். எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவளின் தோளில் என் பெண் எப்படித் தொங்குவாள்? பனியில் என்னையும் சேர்த்து அத்தனை பேரையும் நிறுத்தி வைத்த கால்கள் இந்த வீட்டில் இருக்கின்றன. "நீங்கதான் உள்ள போறீங்க" என்றேன். பி.டி. டீச்சர் குரலில் சொன்னேன். மறுபேச்சு இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஊசி போட்டாயிற்று. துணிக்கு இப்போது இரண்டு பேரும் கீழே போகிறோம். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன், அவர் கூடையைத் தூக்குகிறார். யந்திரம் சுற்றி முடிக்கும்வரை கீழேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் தோப்பில் பூச்சி விழுந்தது, என் பிள்ளைகள் மாநிலப் போட்டிக்குப் போனது, எல்லாம். இன்று யந்திரம் நின்று வெகுநேரம் ஆகியும் எங்களுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். இவருக்குச் சொல்லிவிட்டேன், போனில் அழுகிறார்.

காலையிலேயே வலி கண்டுவிட்டது. அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள், நான் வெளியே பெஞ்சில். உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேனே, அதே பெஞ்ச்தான். ஒன்றும் பெரிய தியாகி இல்லை நான். கதவு திறந்து மூடும்போதெல்லாம் வயிறு எரிந்தது. என் பெண் உள்ளே கத்துகிறாள், நான் சுவரில் தொங்கிய ஒரு மீன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஓடி உள்ளே போய்விடலாமா என்று பலமுறை தோன்றியது.

மத்தியானம் போல சம்பந்தியம்மா வெளியே வந்தார். தலை கலைந்து, ரவிக்கை தோளில் நனைந்து, கை முழுக்க நகம் பதிந்து சிவந்திருந்தது. நித்திலாவின் நகம். இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று மருத்துவச்சி சொன்னதாகச் சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். ஏதோ தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப் போல என்னைப் பார்த்தார்.

"சம்பந்திம்மா, ஒன்னு கேக்கட்டுங்களா? வலி வர்றப்பல்லாம் அம்மிணி 'அம்மா, அம்மா'ன்னு கூப்படுறா. உங்களத்தானுங். நானு சும்மா இருக்க மாட்டாம 'ஏஞ்சாமி, இங்கதான் இருக்கறேன்'னு சொல்லீட்டே இருக்கறனுங். தப்பா எடுத்துக்க மாட்டீங்கல்ல?"

உள்ளேயிருந்து அந்தக் குரல் மறுபடி வந்தது. அம்மா.

"போங்க மதினி" என்றேன். "சத்தமாச் சொல்லுங்க. அவளுக்குக் கேக்கணும்."